ஐந்தாவது பிறந்தநாள்: 20,000 ரூபாய்க்குள், அழாமல், அலையாமல்

கேள்வி: குரோம்பேட்டையில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் இருக்கிறோம். ஆகஸ்ட் மாதம் மகனுக்கு ஐந்து வயது முடிகிறது. முதல் பிறந்தநாளைக் கடன் வாங்கி மண்டபத்தில் செய்து, அதை அடைக்க இரண்டு வருடம் ஆனது. இப்போது பார்ட்டி ஹாலில் 80 பேருக்கு 68,000 ரூபாய் சொல்கிறார்கள். எங்களால் 20,000 வரைதான் முடியும். வீட்டில் வைத்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்கிறார் மாமியார். போன வருடம் வீட்டில் வைத்தபோது கேக் வெட்டும் நேரத்தில்கூட நான் அடுப்படியில்தான் நின்றேன். பையன் அழுதே தூங்கிவிட்டான். ‘பரிசு வேண்டாம்’ என்று அழைப்பில் போடலாமா என்றும் தெரியவில்லை. வழி சொல்லுங்கள்.
ஒரு வாசகி, சென்னை

அன்புச் சகோதரிக்கு,

68,000 ரூபாயை 80 பேருக்கு வகுத்தால் தலைக்கு 850 ரூபாய். உங்கள் 20,000 ரூபாயில் அந்த ஹாலில் 23 பேருக்கு மேல் அழைக்க முடியாது. பேரம் பேசி அடைக்கக்கூடிய இடைவெளி இல்லை இது. தவிர, ஹால்காரர்கள் சொல்லும் தொகை பெரும்பாலும் கடைசித் தொகையாக இருப்பதில்லை. குறைந்தபட்ச இலைக் கணக்கு என்று ஒன்று வைத்திருப்பார்கள். 60 பேருக்கு ஒப்புக்கொண்டு 40 பேர் வந்தாலும் 60 பேருக்குக் கட்டணம் கட்ட வேண்டும். ஜிஎஸ்டி தனி, சுத்தம் செய்யும் கட்டணம் தனி, வெளிக் கேக் கொண்டுவந்தால் அதற்கும் சில இடங்களில் தனிக் கட்டணம். ஹாலை மறந்துவிடுங்கள்.

சாப்பாடு, ரிட்டர்ன் கிஃப்ட், நாற்காலி, இடம் எல்லாமே ஆள் எண்ணிக்கையோடு ஏறும் செலவுகள். பலூனிலும் கேக்கிலும் நூறு இருநூறு மிச்சம் பிடிப்பதால் பெரிய மாற்றம் வராது. பட்டியல் சுருங்கினால்தான் பட்ஜெட் சுருங்கும். உங்கள் பட்டியலில் 80 பேர் சேர்ந்ததற்குக் காரணம், உறவுக்கான விசேஷத்தையும் பிள்ளைகளின் பார்ட்டியையும் ஒரே மாலையில் வைக்கப் பார்ப்பதுதான். உறவினர்கள் ஏழு ஏழரைக்கு வந்து இரவுச் சாப்பாட்டை எதிர்பார்ப்பார்கள். பிள்ளைகள் ஐந்து மணிக்கே வந்து விளையாட்டையும் கேக்கையும் தேடுவார்கள். பெரியப்பா வரட்டும், மாமா வரட்டும் என்று கேக் காத்திருக்கும்போது பிள்ளைகள் பசியில் முரண்டு பிடிப்பார்கள். எட்டரைக்கு மெழுகுவர்த்தி ஏற்றும்போது பிறந்தநாள் பையன் கண் சொருகி நிற்பான். போன வருடம் உங்கள் வீட்டிலும் இதுதான் நடந்திருக்க வேண்டும்.

எனவே இரண்டையும் பிரித்துவிடுங்கள். நட்சத்திரப் பிறந்தநாள் வரும் நாளை உறவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கோயிலில் அர்ச்சனை, மதியம் வீட்டில் வடை பாயசத்தோடு சாப்பாடு. வார நாளாக இருந்தால் அதை ஒட்டிய ஞாயிறு மதியம். தாத்தா பாட்டிகள், அத்தை, மாமா, சித்தப்பா குடும்பம் என்று 12 பேருக்குள் நிறுத்தினால் 3,000 ரூபாயில் மனநிறைவாகச் செய்யலாம். மாமியாரின் கவலையும் பாதி இங்கேயே தீரும், ஏனென்றால் அவர் நினைக்கும் அந்த ‘நாலு பேர்’ இவர்கள்தான். இந்த மாற்றத்தை அவரிடம் உங்கள் கணவரே சொல்லட்டும். தன் பக்கத்து உறவினர்களுக்கு ஃபோன் செய்து அழைப்பதும் அவர் பொறுப்பு. “மருமகள் வேண்டாம் என்றாளாம்” என்ற பேச்சு அப்போதுதான் வராது. முதல் பிறந்தநாளுக்கு மோதிரம் போட்டவர்களைக் கூப்பிடாமல் இருக்கலாமா என்ற கேள்வி வந்தால், அந்த முறையை அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்கிறீர்கள். ஐந்தாவது பிறந்தநாளுக்கும் அதற்கும் கணக்கு இல்லை.

பிள்ளைகளின் பார்ட்டியைச் சனிக்கிழமை மாலை 4.30 முதல் 6.30 வரை வையுங்கள். ஞாயிறு மாலை வைத்தால் 4.30 முதல் 6 வரை ராகு காலம். கேக்கை ஆறு மணிக்குப் பிறகு வெட்டச் சொல்வார்கள், அதிலேயே எல்லாம் தாமதமாகும். சனிக்கிழமை ராகு காலமும் எமகண்டமும் மூன்று மணிக்குள் முடிந்துவிடுகின்றன. ஆனால் சனிக்கிழமை விரதம் இருப்பவர்கள் உண்டு என்பதால் முட்டையில்லாத கேக்காகச் சொல்லிவிடுங்கள். 4.30 மணி என்பதால் இரவுச் சாப்பாடு போட வேண்டியதில்லை, மாலை டிபன் போதும். செலவில் பெரிய பங்கு குறைவது இங்கேதான்.

இப்போது எண்ணிக்கை. நிறைய பேர் தவறுவது இந்த இடத்தில்தான். ஐந்து வயதுப் பிள்ளை தனியாக வராது. 12 பிள்ளைகளை அழைத்தால் 12 அம்மாக்கள் வருவார்கள். கூடவே தம்பி தங்கை என்று ஐந்தாறு பேர். உங்கள் வீட்டார், ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டி, உதவிக்கு வரும் ஒருவர் எல்லாம் சேர்த்து எட்டு. ஆக, 12 அழைப்பு என்றால் 18 பிள்ளைகள், 20 பெரியவர்கள், மொத்தம் 38 பேர். உங்கள் ஃபிளாட்டுக்கும் பட்ஜெட்டுக்கும் இதுதான் எல்லை. மகனிடமே கேளுங்கள், யார் யார் வேண்டும் என்று. அந்த வயதில் ஏழெட்டுப் பெயருக்கு மேல் சொல்ல மாட்டான். மீதி இடங்களை உங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளலாம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மட்டும் அழைப்பைப் போடாதீர்கள். போட்டால் மொத்த வகுப்பையும் அழைத்ததாகிவிடும். அந்தந்த அம்மாவுக்குத் தனித்தனியாக அனுப்புங்கள். வகுப்புக்கு, பள்ளி அனுமதித்தால், ஆளுக்கு ஒரு பென்சிலும் ஒரு மிட்டாயும். 300 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

38 பேருக்கு ஆளுக்கு 50 கிராம் வீதம் இரண்டு கிலோ கேக் போதும். அதை ஒரே கேக்காக வாங்காமல் ஒவ்வொரு கிலோவாக இரண்டு வாங்குங்கள். வெட்டுவதற்கு ஒன்று, மகன் கேட்கும் அலங்காரத்தோடு. இன்னொன்று அதே சுவையில் அலங்காரம் இல்லாமல். இதில் இரண்டு லாபம் உண்டு. அலங்காரக் கட்டணம் ஒரு கிலோவுக்கு மட்டும். இரண்டாவது கேக்கை அடுப்படியில் முன்கூட்டியே துண்டு போட்டுத் தட்டில் வைத்துவிடலாம் என்பதால் மெழுகுவர்த்தி அணைந்த அஞ்சாவது நிமிடம் எல்லாப் பிள்ளைகள் கையிலும் கேக் இருக்கும். இரண்டு கிலோ கேக்கின் அட்டைப்பெட்டி பல வீட்டு ஃபிரிட்ஜில் நுழையவும் நுழையாது. அதைக் கடைசி நேரத்தில் கண்டுபிடித்து, பெட்டியை மேஜையிலேயே வைத்து, க்ரீம் வழிந்து போன வீடுகள் பல. சென்னை வெயிலில் க்ரீம் கேக்கை வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். முந்தின நாளே ஃபிரிட்ஜில் ஒரு தட்டைக் காலி செய்து வையுங்கள்.

பொம்மை உருவம் வேண்டுமென்று பையன் கேட்டால் சர்க்கரை மாவில் செய்யும் ஃபாண்டன்ட் பக்கம் போகாதீர்கள். விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு, பாதிப் பேர் அந்த மேல்தோலை உரித்துத் தட்டில் ஒதுக்கிவிடுவார்கள். சாதாரண க்ரீம் கேக்கின் மேல் அச்சிட்ட அட்டைப் படமோ சின்னப் பொம்மையோ செருகினால் போதும், பையனுக்கு அதே சந்தோஷம். ஐந்து நாள் முன்னால் ஆர்டர் கொடுங்கள். பேக்கரி ரசீதில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா பாருங்கள். வாங்கும்போது கடையிலேயே பெட்டியைத் திறந்து பெயரின் எழுத்துகளைச் சரிபாருங்கள். ஸ்கூட்டரில் கொண்டுவந்தால் மடியில் வைக்காமல் காலடியில் சமமாக வைத்து வர வேண்டும். மடியில் வைத்தால் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஒரு பக்கம் சரியும்.

அடுத்தது டிபன். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பெட்டியாகக் கொடுத்துவிடுங்கள்: இரண்டு மினி சமோசா, கொஞ்சம் சிப்ஸ், ஒரு வாழைப்பழம், சின்ன ஜூஸ். 20 பெட்டிக்கு 1,800 ரூபாய் ஒதுக்கலாம். கேக் சாப்பிட்ட பிள்ளை அதற்கு மேல் சாப்பிடாது. புலாவ், நூடுல்ஸ் எல்லாம் தட்டிலேயே கிடக்கும். முந்திரி, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை உண்டா என்று அம்மாக்களிடம் முன்பே கேளுங்கள். கூடவே வரும் ஒன்று, ஒன்றரை வயதுத் தம்பி தங்கைகள் கைக்கு எட்டும் இடத்தில் பாப்கார்ன், கடலை, முழு திராட்சை வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

பெரியவர்களுக்கு ரவா கிச்சடி, கத்தரிக்காய் கொத்சு, ஒரு மெதுவடை, கேசரி, காபி. தேங்காய்ச் சட்னி வேண்டாம். மதியம் அரைத்தால் மாலைக்குள் புளித்துவிடும். இருபது பேருக்கு கிச்சடி ரவை ஒன்றரை கிலோ, கேசரிக்கு அரை கிலோ ரவையும் ஒரு கிலோ சர்க்கரையும், காபிக்குப் பால் இரண்டரை லிட்டர். 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று, கைவசம் இன்னொன்று. இந்த அளவுகளைச் சொல்வது நீங்களே சமைப்பதற்காக அல்ல. உங்கள் பகுதியில் ஆர்டருக்குச் சமைத்துத் தருபவரிடம் பேசும்போது கணக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக. தலைக்கு 120 ரூபாய் என்றால் 2,400. கிச்சடி ஆறினால் கட்டியாகிவிடும், அதனால் 5.15க்கு ஹாட்பேக்கில் கொண்டுவரச் சொல்லுங்கள். அன்றைக்கு மாலை மூன்று மணிக்குப் பிறகு நீங்கள் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது, காபியைக்கூட இன்னொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

அலங்காரத்துக்கு 1,500 போதும். ஒரே ஒரு சுவர், கேக் மேஜைக்குப் பின்னால் இருப்பது. படத்தில் வரப்போவது அது மட்டும்தான். 60 பலூன், கைப்பம்பு, இரண்டு நிறக் காகிதத் தோரணம், பிள்ளையின் ஐந்து வருடப் புகைப்படங்களைக் கயிற்றில் கோத்தது ஒன்று. பலூனை முந்தின நாள் இரவு ஊதினால் மறுநாள் மாலைக்குள் சுருங்கத் தொடங்கும். சனிக்கிழமை காலை ஊதுங்கள். தெர்மாகோல் எழுத்துகளும் பிளாஸ்டிக் பலூன் குச்சிகளும் 2022 ஜூலை முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, கப் ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 முதலே தடை. பாக்குமட்டைத் தட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காபிக்கு வீட்டு டம்ளர் போதும்.

சிலவற்றை யார் கொண்டுவந்தாலும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். ஸ்னோ ஸ்ப்ரேயில் எரியக்கூடிய வாயு இருக்கிறது. மெழுகுவர்த்தி எரியும்போது அடித்தால் தீ அப்படியே பிள்ளையின் முகத்துக்குப் பாயும். இது நடந்திருக்கிறது, இன்னும் நடக்கிறது. தெருவில் விற்கும் பறக்கும் பலூனில் பெரும்பாலும் ஹைட்ரஜன்தான், அதுவும் தீக்கு அருகில் ஆகாது. திரவ நைட்ரஜன் ஊற்றிப் புகை வரவைக்கும் பிஸ்கட், ஐஸ்க்ரீம் ஸ்டால் எதுவும் வேண்டாம். கர்நாடகத்தில் ஒரு சிறுவன் அதைச் சாப்பிட்டுத் துடித்த காட்சி வெளியான பிறகு 2024இல் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையும் எச்சரித்தது. ரோஸ் நிறப் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் இருப்பது தெரிந்து அதே வருடம் பிப்ரவரியில் மாநிலம் முழுக்கத் தடை வந்தது. உடைந்த பலூன் துண்டுகளை உடனுக்குடன் பொறுக்கிவிடுங்கள், சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். பலூன் உடைக்கும் போட்டி வைக்கவே வேண்டாம்.

இரண்டு மணி நேரத்தை இப்படி ஓட்டலாம். பிள்ளைகள் ஒரே நேரத்தில் வர மாட்டார்கள். அதனால் முதல் அரை மணிக்கு ஒரு பெரிய சார்ட் பேப்பரைத் தரையில் ஒட்டிக் கிரேயானைப் பரப்பிவிடுங்கள். வருகிற பிள்ளை உட்கார்ந்துகொள்ளும். ஐந்து மணிக்கு விளையாட்டு. “ஒரு குடம் தண்ணி ஊத்தி”, “கொலை கொலையா முந்திரிக்கா”, எலுமிச்சை ஸ்பூன், பார்சல் கைமாற்றுவது, நான்கு போதும். சங்கீத நாற்காலியில் ‘அவுட்’ ஆன பிள்ளை மூலையில் போய் அழும், அடுத்த பிள்ளையைக் கிள்ளும். ஐந்து வயதுக்குத் தோற்று வெளியே நிற்பது கடினம். வெளியேற்றம் இல்லாத ஆட்டமாகவே வையுங்கள். பார்சலில் ஒவ்வொரு காகிதச் சுற்றுக்குள்ளும் ஒரு மிட்டாய் வைத்து, எல்லோர் கையிலும் ஒருமுறையாவது பாட்டு நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இந்த அரை மணியை நடத்தக் கல்லூரி படிக்கும் ஒரு அக்காவையோ அண்ணனையோ குடியிருப்பில் பிடித்துவிட்டால் தொகுப்பாளர் செலவு மிச்சம். குடியிருப்புச் சங்கத்திடம் கேட்டு, கீழே கார் நிறுத்துமிடத்தில் ஓரத்தைக் காலி செய்து விளையாட வைக்கலாம். மொட்டை மாடி வேண்டாம். கைப்பிடிச் சுவர் இருந்தாலும் 18 பிள்ளைகளைக் கண்காணிக்க ஆள் போதாது, ஆகஸ்ட் மாலை மழையும் நம்ப முடியாதது.

5.30க்குக் கேக். யாராவது இன்னும் வர வேண்டியிருந்தாலும் 5.30 தான். பிள்ளைகளை முன்னால் ஜமக்காளத்தில் உட்கார வையுங்கள், பெரியவர்கள் பின்னால் நிற்கட்டும். இல்லாவிட்டால் மேஜையைச் சுற்றிப் பெரியவர்களின் ஃபோன்கள்தான் இருக்கும், பிள்ளைகள் இடுப்புகளுக்கு நடுவே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தீப்பெட்டி, கத்தி, மெழுகுவர்த்தி மூன்றும் மேஜை மேலேயே இருக்கட்டும். மின்விசிறியை அணைத்துவிட்டுத் தீப்பெட்டி தேடுவதில்தான் பையனுக்கு வியர்த்து எரிச்சல் வரும். கேக் ஊட்டுவது பெற்றோர், தாத்தா பாட்டி அத்தோடு நிற்கட்டும். பதினைந்து பேர் வரிசையாக வந்து ஆளுக்கு ஒரு வாய் திணித்தால் பிள்ளை அங்கேயே வாந்தி எடுக்கும். முகத்தில் க்ரீம் பூசுவதற்கும் முன்பே தடை சொல்லிவிடுங்கள்.

5.45க்கு டிபன், 6.15க்கு வாசலில் ரிட்டர்ன் கிஃப்ட். ஒரு பெரிய கலரிங் புத்தகம், கிரேயான் பெட்டி, கதைப் புத்தகம், இவற்றில் ஏதாவது இரண்டு சேர்ந்து 90 ரூபாய்க்குள் அமையும். அதே பணத்துக்கு வரும் பிளாஸ்டிக் பொம்மை வீடு போவதற்குள் உடையும். வார நாள் ஒன்றில் மின்சார ரயிலில் கடற்கரை நிலையம் போய்ப் பாரிமுனை மொத்தக் கடைகளில் வாங்கினால் மலிவு. ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். எல்லாமே ஒரே பொருளாக 20 வாங்குங்கள். ஆண் பிள்ளைக்கு ஒன்று, பெண் பிள்ளைக்கு ஒன்று என்றால் எண்ணிக்கை கண்டிப்பாக இடிக்கும்.

கணக்கைக் கூட்டிப் பார்ப்போம். உறவுச் சாப்பாடு 3,000, கேக் 1,800, பெரியவர் டிபன் 2,400, பிள்ளைகள் பெட்டி 1,800, அலங்காரம் 1,500, ரிட்டர்ன் கிஃப்ட் 1,800, பையன் சட்டை 1,200, காபி, தண்ணீர், தட்டு 700, விளையாட்டுச் சாமான் 600, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு அன்றைய கூடுதல் சம்பளம் 600, நாற்காலி வாடகை 500, பள்ளிக்கு 300. மொத்தம் 16,200. மீதி 3,800 கையிருப்பு. உங்கள் பகுதி விலை இதைவிடக் கூடினால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதைப் பட்டியலுக்குள் கொண்டுவந்து மேஜிக் ஷோவுக்குச் செலவிட்டுவிடாதீர்கள். அடுத்த வருடத்துக்கு இப்போதிருந்தே மாதம் 1,700 ரூபாய் வங்கியில் ஒரு வருடத் தொடர் வைப்பில் போட்டால் பன்னிரண்டு மாதத்தில் 20,400, வட்டி தனி. கார்டும் வேண்டாம், கைமாற்றும் வேண்டாம்.

அன்றைக்குப் பையனுக்கு என்று சில. புதுச் சட்டையை ஒருமுறை துவைத்து வையுங்கள், கழுத்துப் பட்டை அரிக்காது. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, மூன்று மணி வரை தூக்கம். அந்த நேரத்தில் பலூன் கட்டும் சத்தம் அவன் அறைக்குக் கேட்க வேண்டாம். அவன் உயிராக வைத்திருக்கும் பொம்மைகளை முந்தின நாளே அவனோடு சேர்ந்து எடுத்துப் பூட்டி வையுங்கள், பாதிச் சண்டை அதில் குறையும். ஒரு படுக்கையறையை யாருக்கும் திறக்காமல் வையுங்கள். கூட்டத்தில் மிரண்டால் பத்து நிமிடம் அவனை அங்கே மடியில் வைத்துக்கொள்ளலாம். வாசலுக்குக் கணவர், காபிக்கு உங்கள் அம்மா, படத்துக்கு ஒரு தம்பி என்று பெயர் போட்டுப் பிரித்துவிட்டால் உங்களுக்கு மிஞ்சுவது பையன் பக்கத்தில் நிற்கும் வேலை.

கடைசியாக, பரிசு. ‘பரிசு தவிர்க்கவும்’ என்று அச்சடித்தது போலப் போட்டால் சிலருக்கு மனம் சுருங்கும், சிலர் அப்போதும் கொண்டுவருவார்கள், வெறுங்கையோடு வந்தவர்களுக்குச் சங்கடம். எதுவும் போடாமல் விடுங்கள். கேட்பவர்களிடம் மட்டும் “ஒரு கதைப் புத்தகம் போதும்” என்று சொல்லுங்கள். வந்த பரிசுகளை எல்லோரும் போன பிறகு பிரித்து, யார் கொடுத்தது என்பதை மொய் நோட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள்; அவர்கள் வீட்டுப் பிறந்தநாளுக்குத் தேவைப்படும்.

அழைப்பை இப்படி எழுதலாம். பத்து நாள் முன்னால் ஒருமுறை, இரண்டு நாள் முன்னால் ஒருமுறை அனுப்புங்கள்:

“எங்கள் மகனின் ஐந்தாவது பிறந்தநாள். சனிக்கிழமை மாலை 4.30 முதல் 6.30 வரை எங்கள் வீட்டில். விளையாட்டு, 5.30க்குக் கேக், மாலை டிபன். நீங்களும் பிள்ளையும் அவசியம் வர வேண்டும். தம்பி தங்கை வருவார்களா, பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாத உணவு ஏதாவது உண்டா என்று புதன்கிழமைக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.”

புதன்கிழமை இரவு வரும் எண்ணிக்கையை வைத்து வியாழன் காலை டிபனுக்கும் பெட்டிக்கும் கடைசிக் கணக்கைச் சொல்லிவிடுங்கள்.